ஸ்காட்லாந்து யார்டைப் பெருக்க வந்த வெளியூர்க்காரர்

1972 பிப்ரவரி கடைசி ஞாயிறு. 'சண்டே பீப்பிள்' பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. லண்டன் மாநகரப் போலீஸின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் 'ஃப்ளையிங் ஸ்குவாட்' தலைவர் கமாண்டர் கென்னத் ட்ரூரி மனைவியோடு சைப்ரஸ் தீவுக்கு உல்லாசப் பயணம் போய் வந்திருக்கிறார். ஆயுதக் கொள்ளைக்காரர்களை விரட்டிப் பிடிப்பதில் பேர்போன படை அது. கூடப் போனவர் ஜேம்ஸ் ஹம்ஃப்ரீஸ். லண்டன் சோஹோ பகுதியில் ஆபாசப் புத்தகக் கடைகளும் ஆடை அவிழ்ப்பு நடன விடுதியும் நடத்தியவர், பழைய ஜெயில் கைதி.

ட்ரூரி சொன்ன விளக்கத்தை எப்போது படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். பெரும் ரயில் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்று, ஜெயில் சுவர் ஏறித் தப்பிய ரானி பிக்ஸைத் தேடித்தான் சைப்ரஸ் போனாராம். பிக்ஸ் அப்போது பிரேசிலில் இருந்தார்.

அந்தச் செய்தி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, லண்டன் மாநகரப் போலீஸுக்குப் புதிய கமிஷனர் வந்தார். பெயர் ராபர்ட் மார்க். நல்ல போலீஸ் படை எது என்று கேட்டால், தான் வேலைக்கு வைத்திருக்கும் திருடர்களைவிட அதிகமான திருடர்களைப் பிடிக்கும் படை என்று அவர் சொல்வார் என்பார்கள். அந்தப் பேச்சை வெறும் கிண்டலாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். அவர் வேலை பார்த்த கட்டடத்தின் கதையைப் படித்தபிறகுதான் அது கிட்டத்தட்ட ஒரு கணக்கு என்று தெரிந்தது.

மார்க் 1917-ல் மான்செஸ்டரின் சோர்ல்டன் பகுதியில் பிறந்தவர். நடுத்தரக் குடும்பம், நல்ல பள்ளி, ஆனால் படிப்பில் பெரிய ஆர்வமில்லை. கொஞ்ச காலம் கம்பளம் விற்கும் வேலை பார்த்தார். அலுத்துப்போய் 1937-ல் மான்செஸ்டர் நகரப் போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார். அவர் அப்பாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. தெருவில் ரோந்து சுற்றுகிற வேலைக்கா மகனை இவ்வளவு படிக்க வைத்தோம் என்ற வருத்தம்.

இங்கே நம் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மூரில் கான்ஸ்டபிள் ஒரு வாசல் வழியாக வருகிறார், ஐபிஎஸ் அதிகாரி வேறொரு வாசல் வழியாக வருகிறார். கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர் டிஜிபி நாற்காலியில் உட்காருவதை நாம் யோசித்துப் பார்ப்பதுகூட இல்லை. பிரிட்டிஷார் நமக்குக் கொடுத்த 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் வார்ப்பு, அயர்லாந்தை அடக்கி ஆள அவர்கள் வைத்திருந்த படை. லண்டன் தெருக்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்டது வேறு மாதிரி. அங்கே எல்லாரும் கான்ஸ்டபிளாகத்தான் தொடங்க வேண்டும் என்பது அன்றைய விதி. 1930-களில் டிரென்சார்டு பிரபு கமிஷனராக இருந்தபோது, ராணுவம் மாதிரி அதிகாரி வர்க்கம் ஒன்றை உண்டாக்க ஹெண்டனில் ஒரு கல்லூரி ஆரம்பித்துப் பார்த்தார். அந்த ஏற்பாடு ஐந்தாறு வருடத்தில் நின்றுபோனது. அதில் படித்து வந்தவர்கள் பின்னாளில் கமிஷனர்கள் ஆனார்கள் என்பது வேறு விஷயம். எந்தக் குறுக்கு வழியும் இல்லாமல் அடிப்படியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி லண்டன் கமிஷனர் ஆன முதல் ஆள் என்று மார்க்கைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

போர்க்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1942-ல் ராணுவத்துக்குப் போனார், 'ஃபான்டம்' என்ற செய்தித் தொடர்புப் படையில் இருந்தார், மேஜர் ஆனார், தோற்ற ஜெர்மனியின் ஆட்சிப் பணியில் 1947 வரை இருந்துவிட்டு மான்செஸ்டருக்குத் திரும்பினார். பத்தாண்டு கழித்து, நாற்பது வயதுகூட ஆகாத நிலையில், 1957-ல் லெஸ்டர் நகரத்தின் தலைமைக் கான்ஸ்டபிள், அதாவது அந்த நகரப் போலீஸுக்கே தலைவர்.

லெஸ்டரில் அவர் செய்ததில் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, வாகன நெரிசல். பின்னலாடை, காலணித் தொழில்களில் காசு புழங்கிய ஊர் அது. ஆளாளுக்குக் கார் வாங்கி நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போனார்கள். லண்டனுக்கு வெளியே போக்குவரத்து வார்டன்களை இறக்கிய முதல் நகரங்களில் லெஸ்டரும் ஒன்று. ஜனங்களிடம் எதிர்ப்பு வந்தால் ஒளிந்துகொள்ளாமல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஏன் செய்கிறோம் என்று விளக்குவதை அவர் அங்கேதான் பழகினார். இது பின்னால் பெரிய அளவில் கைகொடுத்தது.

இரண்டாவது, ஜூரி. அப்போது இங்கிலாந்தில் பன்னிரண்டு ஜூரர்களும் ஒருமனதாகச் சொன்னால்தான் தீர்ப்பு. ஒரே ஒருவரைப் பயமுறுத்தினாலோ விலைக்கு வாங்கினாலோ வழக்கு முடங்கிவிடும் என்று மார்க் மேடை மேடையாகப் பேசினார். பன்னிரண்டில் பத்துப் பேர் ஒத்துக்கொண்டால் போதும் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பு 1967-ன் குற்றவியல் நீதிச் சட்டத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ். இந்த லெஸ்டர்க்காரர் மேல் ஜென்கின்ஸின் கண் விழுந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1966 அக்டோபரில் சோவியத் உளவாளி ஜார்ஜ் பிளேக், 42 ஆண்டு தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தபோது, வார்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறையிலிருந்து கயிற்றேணியில் ஏறிப் போய்விட்டார். சிறைப் பாதுகாப்பை ஆராய மவுண்ட்பேட்டன் பிரபுவைப் போட்டார்கள். ஆமாம், நம்முடைய கடைசி வைஸ்ராய்தான். அவருக்குத் துணையாக அமர்த்தப்பட்டவர்களில் மார்க்கும் ஒருவர்.

1967-ல் ஜென்கின்ஸ் அவரை லண்டனுக்குத் துணைக் கமிஷனர்களில் ஒருவராக அனுப்பினார். கமிஷனர் ஜோசப் சிம்ப்சனுக்கு இவர் வேண்டாத விருந்தாளி. மற்ற உயரதிகாரிகளும் தள்ளியே வைத்தார்கள். மாகாணத்து ஆள், யார்டின் பழக்கவழக்கம் தெரியாதவர், அரசியல்வாதி திணித்தவர் என்று மூன்று பாவம். குற்றப் பிரிவு பக்கமே வரவிடாமல் ஆளெடுப்பு, பயிற்சி என்று ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். கவர்னர் மாளிகைத் தோட்ட விருந்துக்குத் தொழுநோயாளிகளின் பிரதிநிதியாகப் போனவனைப் போல் இருந்தது என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். கசப்பும் கர்வமும் சரிபாதி கலந்த வாக்கியம். அவர் எழுத்து முழுக்க அந்த ருசிதான்.

1968 மார்ச்சில் சிம்ப்சன் திடீரென இறந்தார். அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கேலகன் கமிஷனர் பதவியை மார்க்குக்குத் தர முன்வந்தார். மார்க் வேண்டாம் என்றார். மூத்தவர் ஜான் வால்ட்ரனைப் போடுங்கள், நான் இரண்டாம் இடத்தில் இருக்கிறேன் என்றார். இதைப் பெருந்தன்மை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சுத்தமான கணக்காகத்தான் தெரிகிறது. ஒத்துழைக்காத கூட்டத்துக்குத் தலைவனாகி என்ன செய்ய? நான்கு வருடம் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, எந்த அறையில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். நடுவில் 1969-ல் ஹண்ட் குழுவில் ஓர் உறுப்பினராக வட அயர்லாந்து போய், அங்குள்ள போலீஸின் ஆயுதங்களைக் களைய வேண்டும், 'பி ஸ்பெஷல்ஸ்' என்ற புராட்டஸ்டண்ட் துணைப்படையைக் கலைக்க வேண்டும் என்ற சிபாரிசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த அறிக்கை வெளியான மறுநாள் இரவு பெல்ஃபாஸ்ட் ஷாங்கில் சாலைக் கலவரத்தில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது, போலீஸ் தங்கள் பக்கம் இருக்க வேண்டும் என்று நினைத்த புராட்டஸ்டண்ட் தரப்பு.

சரி, யார்டுக்கு வருவோம்.

1969 நவம்பர் 29 அன்று 'தி டைம்ஸ்' முதல் பக்கத்தில் ஒரு குண்டைப் போட்டது. தென் லண்டனைச் சேர்ந்த ஒரு சில்லறைக் குற்றவாளியிடம் மூன்று துப்பறியும் அதிகாரிகள் பணம் பறித்திருக்கிறார்கள். கொடுக்காவிட்டால் பொய் வழக்குப் போடுவோம் என்ற மிரட்டல். பேசியதெல்லாம் டேப்பில் இருந்தது. அதில் ஒருவர், எங்கே மாட்டினாலும் என்னிடம் வா, நான் ஒரு கம்பெனிக்குள் இருக்கிற கம்பெனியில் இருக்கிறேன் என்கிற மாதிரி பேசியிருந்தார். ஆங்கிலப் பத்திரிகைகளில் இன்றுவரை அடிபடும் பேச்சு அது.

யார்டு என்ன செய்தது? துப்பறியும் பிரிவு மீதான புகாரைத் துப்பறியும் பிரிவே விசாரித்தது. அப்போதைய விதி அப்படி. போலீஸ்காரர் மீது குற்றப் புகார் என்றால், அவர் சீருடைக்காரரானாலும் சாதாரண உடைக்காரரானாலும், விசாரிப்பது சிஐடி மட்டும்தான். மேற்பார்வைக்கு வெளியிலிருந்து, போலீஸ் படைகளைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர்களில் ஒருவரான ஃப்ராங்க் வில்லியம்சன் என்ற நேர்மையான மனிதர் வந்தார். அவருக்குக் கீழே விசாரணையை நடத்தக் கொடுக்கப்பட்டவர் பில் மூடி. இந்த மூடி யார் என்றால், ஆபாசப் பிரசுர ஒழிப்புப் பிரிவின் தலைவர், சோஹோ கடைகளிலிருந்து மாதா மாதம் மாமூல் வாங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுநாயகம். லஞ்ச விசாரணையை நடத்தியவரே லண்டனில் அன்றைக்கு அதிக லஞ்சம் வாங்கியவர்களில் ஒருவர்! கேட்ட கோப்பு கிடைக்காமல், பேசியது வெளியே போய், வில்லியம்சன் வெறுத்துப்போய்ப் பதவியை விட்டே விலகினார்.

சோஹோ மாமூல் எப்படி நடந்தது என்பது பின்னால் நீதிமன்றத்தில் வெளிவந்தது. புதுக்கடை திறக்க ஒரு தொகை, பிறகு மாதக் கட்டணம். ரெய்டு வருவதற்கு முன் போன் வந்துவிடும். கணக்குக் காட்டுவதற்காகக் கொஞ்சம் சரக்கைப் பறிமுதல் செய்வார்கள், அப்புறம் அதே சரக்கை இன்னொரு கடைக்காரருக்கு விற்பார்கள். வியாபாரி ஒருவரின் கழுத்தில் சிஐடி டையை மாட்டி, ஹோபர்ன் போலீஸ் நிலையத்தில் குவித்து வைத்திருந்த பறிமுதல் சரக்கிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள அழைத்துப் போனதாகவும் சாட்சியம் வந்தது. லஞ்சத்திலும் இவ்வளவு ஒழுங்கு. ஆங்கிலேயர் அல்லவா.

1972 ஏப்ரலில் மார்க் கமிஷனர் ஆனதும் பெரிய சட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. நாற்காலிகளை மாற்றினார், அவ்வளவுதான். 'ஏ10' என்று புதிய பிரிவு. போலீஸ் மீதான கடுமையான புகார்கள் அத்தனையும் இனி அங்கேதான் போகும், சீருடைக்காரர்களும் சிஐடிக்காரர்களும் கலந்து விசாரிப்பார்கள். காலடிச் சத்தம் கேட்காமல் பின்னால் வருபவர்கள் என்பதால் 'ரப்பர் குதிகால்' என்று சக போலீஸ்காரர்களே அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். குற்றப் பிரிவின் தலைமைக்குக் காலின் வுட்ஸ் என்ற சீருடைக்காரரைக் கொண்டுவந்தார். சிஐடி அதிகாரிகள் இதைத் தங்கள் கோயிலுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி பார்த்தார்கள். வட்டார அளவில் இருந்த துப்பறிவாளர்களையெல்லாம் அந்தந்த வட்டாரச் சீருடைத் தலைவரின் கீழ் வைத்தார். பதவி உயர்வு வேண்டுமா, கொஞ்ச காலம் சீருடை மாட்டித் தெருவில் நில் என்றார். ஆபாசப் பிரசுரப் பிரிவுக்குச் சிஐடி வாடையே படாத ஆட்களைப் போட்டார்.

பிறகு துப்பறியும் பிரிவின் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு நேருக்கு நேர் பேசினார். லண்டனிலேயே நெடுங்காலமாக அன்றாட வழக்கமாகவே லஞ்சத்தில் ஊறிய அமைப்பு நீங்கள்தான், இதை முடித்தே தீருவேன், தேவைப்பட்டால் சிஐடி மொத்தத்துக்கும் சீருடை மாட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவேன் என்று சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். தன் படையில் ஒரு பகுதியைக் கோபப்படுத்திவிட்டு அடுத்த நாள் அதே படையோடு வேலை பார்க்க வேண்டிய மனிதர் பேசும் பேச்சா இது? அவருக்கு இன்னொரு பகுதி இருந்தது. வெயிலிலும் மழையிலும் தெருவில் நின்ற சீருடைக்காரர்கள், சிஐடிக்காரர்களின் சூட்டையும் காரையும் பல வருடமாக எரிச்சலோடு பார்த்து வந்தவர்கள். மார்க் அந்த எரிச்சலைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அவருடைய வெற்றிக்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அவரைப் புகழ்பவர்கள் அவருடைய தைரியத்தைத்தான் சொல்வார்கள். வர்க்கப் பகையை இவ்வளவு லாவகமாகப் பயன்படுத்தியதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அவருடைய ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட ஐநூறு பேர் படையை விட்டுப் போனார்கள். விசாரணை முடிந்து போனவர்கள், விசாரணை வரும் என்று தெரிந்து முன்கூட்டியே ராஜினாமா எழுதியவர்கள் எல்லாம் அதில் அடக்கம். நீதிமன்றம் வரை போனவர்கள் சிறு பகுதி. எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகிறேன் என்றவர்களை மார்க் பெரும்பாலும் போகவிட்டார். நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுப்பதைவிட நாளையே அந்த மேஜை காலியாவது மேல் என்ற முடிவு அது. எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. மாமூல் கொடுத்தவனும் பொய் வழக்கில் உள்ளே போனவனும் தன்னிடம் பறித்தவரின் பெயரைக்கூடக் கேட்காமலே போய்விட்டான். ஆனால் அன்றைய ஜூரிகள் போலீஸ்காரருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லத் தயங்கியவர்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பெரிய மீன்கள் கடைசியில்தான் வலையில் விழுந்தன. ஹம்ஃப்ரீஸ் வேறொரு தாக்குதல் வழக்கில் 8 ஆண்டு தண்டனை பெற்று உள்ளே போனார். அங்கிருந்து பேசத் தொடங்கினார். எந்த அதிகாரியோடு எந்த ஓட்டலில் எந்தத் தேதியில் சாப்பிட்டார் என்று டைரியில் குறித்து வைத்திருந்தார் மனிதர். 1976 கடைசியிலும் 1977-லும் நடந்த வழக்குகளில் பத்துக்கும் மேற்பட்ட துப்பறிவாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ட்ரூரிக்கு 8 ஆண்டு. மூடிக்கு 12 ஆண்டு. மூடியின் மேலதிகாரி கமாண்டர் வாலஸ் வர்கோவுக்கும் 12 ஆண்டு விழுந்தது, அது அப்பீலில் ரத்தானது.

இதற்கு நடுவில் மார்க் ஊர் அறிந்த கமிஷனராகவும் ஆகிவிட்டார். பத்திரிகைகளிடம் மறைக்காதீர்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று படைக்கு உத்தரவே போட்டார். 1975 செப்டம்பரில் நைட்ஸ்பிரிட்ஜின் 'ஸ்பகெட்டி ஹவுஸ்' உணவகத்தில் இத்தாலிய ஊழியர்களைத் துப்பாக்கி முனையில் அடைத்து வைத்தபோது, ஆறாவது நாள் ஒரு உயிர்கூடப் போகாமல் முடித்தார்கள். டிசம்பரில் லண்டன் பால்கம்ப் தெருவில் ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் ஆட்கள் நால்வர் நடுத்தர வயதுத் தம்பதியைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயும் அதே வித்தைதான். அவசரப்படாதே, பேசிக்கொண்டே இரு, களைப்படைய விடு. ஆறு நாளில் சரணடைந்தார்கள். அங்கே பேச்சுவார்த்தை நடத்திய பீட்டர் இம்பர்ட் பின்னாளில் கமிஷனர் ஆனார்.

எல்லா முறையும் இப்படி முடியவில்லை. 1973 பிப்ரவரியில் லண்டன் இந்தியா ஹவுஸில், நம் தூதரகத்தில், மூன்று பாகிஸ்தானிய இளைஞர்கள் புகுந்தார்கள். போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். கையில் இருந்தவை பொம்மைத் துப்பாக்கிகள்.

கூட்டத்தைச் சமாளிப்பதில் மார்க்குக்கு ஒரு தத்துவம் இருந்தது. தோற்பது போல் காட்டி ஜெயிப்பதுதான் ஜனநாயக நாட்டுப் போலீஸின் கலை என்பார். கண்ணீர்ப்புகை வேண்டாம், ரப்பர் குண்டு வேண்டாம், ஜனங்களின் அனுதாபம் போதும் என்பார். இதற்கு ஒரு கதையும் சொல்வார். லட்சணமான குதிரை ஒன்றை, போலீஸ் குதிரைகளில் அது பிரெஞ்சு நடிகை பிரிஜிட் பார்டோ மாதிரி அழகியாம், ஒரு வார்த்தை சொன்னால் செத்தது போல் விழப் பழக்கி வைத்திருந்தார்களாம். பிராணிகள் மேல் உயிரை வைத்திருக்கிற அந்த ஊரில் அப்புறம் ஆர்ப்பாட்டக்காரர்களை யார் ஆதரிப்பார்கள்?

அந்த அனுதாபம் எல்லாத் தெருவிலும் இருக்கவில்லை. 1976 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் நாட்டிங்ஹில் கார்னிவல் என்ற கரீபியத் தெருத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் போலீஸைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். கரீபிய வம்சாவளி இளைஞர்களுக்கும் போலீஸுக்கும் இடையே ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்தது பற்றிக்கொண்டது. கல் மழையில் போலீஸ்காரர்கள் குப்பைத்தொட்டி மூடிகளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்ற படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அடுத்த வருடமே தென் லண்டன் லூயிஷம் மோதலில் நிஜக் கேடயங்கள் இறங்கின. லஞ்சத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த மனிதருக்குக் கறுப்பின இளைஞர்களைத் தன் ஆட்கள் நடத்திய விதம் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. அங்கே எதிர்ப்பவர்களைத்தான் பிரச்சினையாகப் பார்த்தார்.

எனக்கு அவரோடு இருக்கும் பெரிய சண்டை 1973 நவம்பரில் பிபிசியில் அவர் ஆற்றிய டிம்பிள்பி சொற்பொழிவைப் பற்றியது. நாடே பார்த்த உரை. குற்றவாளிகள் சுலபமாகத் தப்பிக்கிறார்கள், குற்றத்தை மறுத்து ஜூரி முன் நிற்பவர்களில் பாதிப் பேர் விடுதலையாகிறார்கள், சில வழக்கறிஞர்கள் தங்கள் கட்சிக்காரர்களைவிட மோசமானவர்கள் என்று பொரிந்து தள்ளினார். வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். மைக்கேல் ஸாண்டர் போன்ற சட்ட அறிஞர்கள் வழக்குகளை எடுத்து ஆராய்ந்து, விடுதலையாகிறவர்கள் பெரும்பாலும் தொழில்முறைக் குற்றவாளிகள் அல்ல என்று பதில் சொன்னார்கள்.

ஆனால் உண்மையான பதில் அவருடைய சொந்தப் படையிலிருந்தே வந்தது. அவர் பதவியேற்ற அதே 1972 ஏப்ரலில், தென் லண்டன் கேட்ஃபோர்டில் எரிந்த வீட்டில் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவரின் உடல் கிடைத்தது. போலீஸ் மூன்று பையன்களைப் பிடித்தது. ஒருவனுக்கு 18 வயது, ஆனால் மனவளர்ச்சி சிறு பிள்ளை அளவு. மற்ற இருவர் 15, 14. பெற்றோரோ வக்கீலோ பக்கத்தில் இல்லாமல் விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள். இறந்த நேரமும் வாக்குமூலமும் பொருந்தவே இல்லை. அப்படியும் தண்டனை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து 1975-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. நீதிபதி ஃபிஷரின் விசாரணை, அதன்பின் ராயல் கமிஷன், அதன்பின் 1984-ன் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம் என்று வரிசையாக வந்தவற்றுக்கு வித்து இந்த வழக்குதான். இன்று இங்கிலாந்தில் காவலில் இருப்பவரை விசாரிக்கும்போது ஒலிப்பதிவு ஓடுவதும், வக்கீல் கூட உட்காருவதும் அதன் பலன்.

பால்கம்ப் தெருவில் சரணடைந்த நால்வரின் கதையும் இதில் சேரும். கில்ஃபோர்டு, வூல்விச் மதுக்கூடங்களில் குண்டு வைத்தது தாங்கள்தான், அதற்காக உள்ளே இருப்பவர்கள் அப்பாவிகள் என்று அவர்கள் சொன்னார்கள். வழக்கை நடத்தியது முதன்மையாகச் சர்ரி போலீஸ், மார்க்கின் படை அல்ல. லண்டன் துப்பறிவாளர்களுக்கு அந்த வாக்குமூலம் தெரியும், நீதிமன்றத்துக்கும் போனது. 1977 அக்டோபரில் அப்பீல் தள்ளுபடியானது. உள்ளே இருந்த அந்த அப்பாவிகளில் 'கில்ஃபோர்டு நால்வர்' எனப்பட்டவர்கள் வெளியே வர 1989 ஆக வேண்டியிருந்தது.

காசு வாங்கிக்கொண்டு குற்றவாளியை விடும் போலீஸ்காரரை மார்க்குக்கு மோப்பத்திலேயே தெரியும். காசு வாங்காமல், நல்லது செய்கிறோம் என்று நம்பி, அப்பாவியை உள்ளே தள்ளும் போலீஸ்காரர் அவர் கண்ணில் படவே இல்லை.

அவர் பதவியை விட்ட காரணமும் இதோடு பின்னியதுதான். போலீஸ் மீதான புகார்களைப் பார்க்க வெளியாட்கள் கொண்ட ஒரு வாரியம் வேண்டும் என்று 1976-ல் சட்டம் வந்தது. மார்க் கடுமையாக எதிர்த்தார். என் ஆளை நான் நீக்குவேன், அரசியல்வாதி நியமித்த வாரியம் எனக்குச் சொல்லக்கூடாது, வாரியம் வந்தால் தண்டனை குறையுமே தவிர ஏறாது என்பது அவர் கட்சி. 1977 மார்ச்சில் விலகினார். 

அவர் வாதம் முழுக்க அபத்தம் என்று சொல்ல மாட்டேன். அந்த முதல் வாரியம் உண்மையிலேயே பல்லில்லாத வாரியம்தான். மார்க் காலத்து ஐநூறு பேரில் ஒருவரைக்கூட அது அசைத்திருக்காது. 1985-ல் அதன் இடத்தில் வேறொன்று, 2004-ல் இன்னொன்று, 2018-ல் மற்றொன்று என்று நான்காவது பெயர்ப் பலகை இப்போது தொங்குகிறது.

ஓய்வுக்குப் பிறகு ஆஸ்திரேலிய அரசு கூப்பிட்டது. 1978-ல் சிட்னி ஹில்டன் ஓட்டல் வாசலில் குண்டு வெடித்தபின் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அவர் கொடுத்த அறிக்கையின்படி ஆஸ்திரேலியக் கூட்டரசுப் போலீஸ் 1979-ல் உருவானது. அதே காலத்தில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் குட்இயர் டயர் விளம்பரத்திலும் வந்தார், சாலைப் பாதுகாப்புக்கு இந்த டயர் பெரிய உதவி என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லிக்கொண்டு. லட்சம் பேருக்கு அவரை அப்படித்தான் ஞாபகம். 2010 செப்டம்பர் 30 அன்று, 93 வயதில் இறந்தார்.

அவர் போன அடுத்த வருடமே, 1978-ல், லண்டன் துப்பறிவாளர்கள் ஆயுதக் கொள்ளையர்களோடு கூட்டு என்று மறுபடி புகார் கிளம்பி, 'கண்ட்ரிமேன்' என்ற பெயரில் வெளியூர்ப் போலீஸ் வந்து விசாரித்தது. லண்டன்காரர்கள் அவர்களை நாட்டுப்புறத்தான்கள் என்று கேலி செய்தே ஓட்டினார்கள். லட்சக்கணக்கான பவுண்டு செலவாகியும் கைக்கு வந்தது மிகச் சொற்பம். 1987-ல் தென் லண்டன் மதுக்கூட வாகன நிறுத்தத்தில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்ட தனியார் துப்பறிவாளர் டேனியல் மார்கன் வழக்கில், 34 ஆண்டு கழித்து 2021-ல் வந்த சுயேச்சைக் குழுவின் அறிக்கை, லண்டன் போலீஸிடம் அமைப்பு ரீதியான ஊழல் இருக்கிறது என்று எழுதியது. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தவறை மறைப்பதும் ஊழல்தான் என்று அந்தக் குழு கருதியது. மார்க் உயிரோடு இருந்திருந்தால் இந்த வரையறையை ஏற்றிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.